நாற்பத்தெட்டு நாள் நடை

நடப்பதற்குச் சம்பளம் வாங்கியவன் நான். மலைமேல் இருக்கும் புதூர்நாட்டிலிருந்து மேலும் கீழுமாகச் சிதறிக் கிடக்கிற ஊர்களுக்குத் தபால் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. பையில் இரண்டு கார்டும் ஒரு மணியார்டரும் இருக்கும். அதற்காக எட்டு மைல் ஏறி இறங்குவேன். எழுபதுகளில் எங்கள் மலையில் எட்டாவது வரை படித்தவர்களைக் கைவிரலில் எண்ணிவிடலாம். அந்தப் படிப்புக்குக் கிடைத்த வேலை அது. அப்படிப்பட்டவனுடைய பெண்டாட்டிக்குத்தான் நடை போயிற்று. சாமிக்குக் கண்ணில்லை என்று மற்றவர்கள் அழுவார்கள். எங்கள் விஷயத்தில் அதற்குக் கண் நன்றாகவே தெரிந்திருக்கிறது, குறி பார்த்துத்தான் அடித்திருக்கிறது.

முதலில் உடைந்தது குடம். ஊற்றிலிருந்து தண்ணீர் எடுத்துக்கொண்டு மேட்டில் ஏறும்போது, ஒரே மழைக்காலத்தில் மூன்று குடங்களைப் போட்டு உடைத்தாள். “கண்ணு பொடனியிலயா கீது?” என்று கத்தினேன். பிறகு திருப்பத்தூருக்கு இறங்கிப் போய் ஒரு அலுமினியக் குடம் வாங்கி வந்தேன். அது உடையவில்லை, நசுங்கியது. அவ்வளவுதான் வித்தியாசம்.

அப்புறம் காலை அகட்டி அகட்டி வைத்து நடந்தாள், சேற்று வரப்பில் நடக்கிறவர்கள் மாதிரி. பேச்சும் குழற ஆரம்பித்தது. ஊர் சும்மா இருக்குமா? தபால் கொடுக்கப் போன வீட்டில் ஒரு பெண் என்னிடமே கேட்டாள்: “இன்னா தபால்காரரே, உங்க வூட்ல பகல்லயே ஊத்திக்குதா?” நான் அவளோடு சண்டை போட்டுவிட்டு வந்தேன். வந்து, அன்று மதியம் என் பெண்டாட்டி கண்ணயர்ந்திருந்தபோது, குனிந்து அவள் வாயை மோந்து பார்த்தேன். சாராய வாடை எதுவும் இல்லை. அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். இதை எழுதும்போது இப்போதும் எனக்கு உடம்பு கூசுகிறது.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அவளுக்கு நான், எனக்கு அவள். அதனால் ஓடி ஓடிப் பார்த்தேன். பூசாரி விபூதி போட்டார். அடிவாரத்து வைத்தியர் ஒருவர் எண்ணெயும் லேகியமும் கொடுத்து, ஒரு மண்டலம் பத்தியம் இருக்கச் சொன்னார். நாற்பத்தெட்டு நாளும் இருந்தாள். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில்தான் கீழே ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

டாக்டர் தன் விரலை நீட்டி, “இதைத் தொட்டுட்டு உன் மூக்கைத் தொடும்மா” என்றார். அவள் தன் கன்னத்தில் குத்திக்கொண்டாள். இன்னொரு தடவை கண்ணுக்குக் கீழே குத்திக்கொண்டாள். அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. டாக்டர் சிரிக்கவில்லை. பிடரிக்கு மேலே சிறுமூளை என்று ஒன்று இருக்கிறது, உடம்பு தள்ளாடாமல் பார்த்துக்கொள்வது அதுதான், அது கொஞ்சம் கொஞ்சமாக வற்றிக்கொண்டு வருகிறது, இதற்கு மருந்து கிடையாது என்று சொன்னார். மருந்து வாங்க வழியில்லாத நோய் எனக்குத் தெரியும். மருந்தே இல்லாத நோய் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தோம். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள்தான் பேசினாள்.

“பேச்சு போனா போவுது. சமைக்க முடியலன்னா நீங்க பொங்கிப் போடுவீங்க. ஒதுங்கப் போறதுக்காச்சும் என் கால்ல நான் போவணும். அதுக்கு மட்டும் வழி கேளுங்க.”

மலையில் அப்போது யார் வீட்டிலும் கக்கூஸ் கிடையாது. விடிவதற்கு முன்னால் பெண்கள் சொம்பை எடுத்துக்கொண்டு சரிவில் புதர்ப் பக்கம் இறங்குவார்கள். அதற்கு இன்னொருவர் கையைப் பிடித்துக்கொண்டு போவதும் சாவதும் அவளுக்கு ஒன்றுதான். நான் மறுபடியும் உள்ளே போய்க் கேட்டேன். டாக்டர் எங்களை இன்னொரு அறைக்கு அனுப்பினார்.

அந்த அறையில் இடுப்பளவு உயரத்தில் இரண்டு நீளக் கம்பிகள். நடுவில் தரையிலே வெள்ளைச் சாயத்தில் காலடி காலடியாக வரைந்திருந்தது. எதிரே ஆள் உயரக் கண்ணாடி. அங்கே இருந்தவர் ஒரு பெண், முப்பது வயது இருக்கும். எல்லாரும் அவரை ‘எக்சர்சைஸ் அம்மா’ என்றார்கள், நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். மூன்று நாள் அங்கேயே தங்கிக் கற்றுக்கொண்டோம். படுத்துக்கொண்டு ஒரு குதிகாலை மற்ற முழங்காலின்மேல் வைத்து, அங்கிருந்து கணுக்கால்வரை எலும்பு வழியாக மெல்ல இழுக்க வேண்டும். உட்கார்ந்துகொண்டு, தரையில் போட்ட புள்ளியின்மேல் பெருவிரலை வைக்க வேண்டும். கடைசியில் கம்பிகளுக்கு நடுவே நின்று, காலடிகளின்மேல் காலடி வைத்து நடக்க வேண்டும். எல்லாவற்றையும் வாய்விட்டு எண்ணிக்கொண்டே, அவசரமில்லாமல், காலைப் பார்த்துக்கொண்டே செய்ய வேண்டும்.

“காலுக்கு வழி மறந்துபோச்சும்மா. கண்ணால பாத்து அதுக்கு மறுபடியும் சொல்லிக் குடுக்கறோம், அவ்ளோதான்,” என்றார் அந்த அம்மா.

மூன்றாம் நாள் நான் அவரைத் தனியாகக் கேட்டேன், குணமாகிவிடுமா என்று.

“குணமாவாதுங்க. பொய் சொல்ல மாட்டேன். போறது மெதுவாப் போவும். இருக்கறத கொஞ்ச காலம் வச்சிக்கலாம். தினமும் செய்யணும், ஒருநாளும் வுடக்கூடாது. நல்லா சாப்புடச் சொல்லுங்க. ரெண்டு மாசம் கழிச்சிக் கூட்டினு வந்து காட்டுங்க.”

இதெல்லாம் என் காதில் தெளிவாக விழுந்தது. விழவில்லை என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள மாட்டேன். விழுந்ததை என் தலை வாங்கிக்கொண்ட விதம்தான் வேறு.

திரும்பி வரும்போது, ஜீப்பில் இருபது பேரோடு நசுங்கிக்கொண்டு மனசுக்குள் கணக்குப் போட்டேன். ரெண்டு மாசம் என்றால் ஒரு மண்டலமும் கொஞ்சமும். எங்கள் மலையில் எந்த வைத்தியத்துக்கும் அதுதான் கெடு. மஞ்சள் காமாலைக்கு ஒரு மண்டலம், வாதத்துக்கு ஒரு மண்டலம், சாமிக்கு நேர்ந்துகொண்டாலும் ஒரு மண்டலம். நாற்பத்தெட்டு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்க வேண்டியது. அது முடிந்ததும் கோழி அடிக்க வேண்டியது. ‘தினமும்’ என்று அந்த அம்மா சொன்னது மண்டலத்துக்குள்ளே தினமும் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். எனக்கு அது சந்தேகமாகக்கூடத் தோன்றவில்லை.

அவளும் என் வழிதான். “பத்தியம் இன்னான்னு கேட்டீங்களா?” என்றாள்.

“அந்தம்மா ஒண்ணும் சொல்லல. நல்லா சாப்புடச் சொன்னாங்க.”

“பத்தியம் இல்லாத ஒரு வைத்தியமா? டவுன்காரங்க சொல்ல மறந்துருப்பாங்க.”

எனக்கும் அது நியாயமாகப் பட்டது. நாங்களே ஒரு பத்தியம் போட்டுக்கொண்டோம். உப்பு கிடையாது, புளி கிடையாது, காரம் கிடையாது, கறியும் கருவாடும் கிடையாது. காலையும் மாலையும் சாமைக் கஞ்சி, அவ்வளவுதான். அவளைத் தனியாக விடக் கூடாது என்று நானும் கூட இருந்தேன். உப்பில்லாத கஞ்சியைக் குடித்துவிட்டுத் தபால் பையோடு மலை ஏறினால் கண் இருட்டிக்கொண்டு வரும். பாறையில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுப் போவேன். அதிலே ஒரு பெருமை வேறு எனக்கு.

நடக்கச் சமதரை வேண்டுமே. எங்கள் ஊரில் வாசலே சரிவுதான். சமமாக இருந்த ஒரே இடம் கதிரடிக்கிற களம். தை பிறந்து, சாமை எல்லாம் அடித்து முடிந்து களம் காலியாகக் கிடந்தது. ஊர்க் கவுண்டரிடம் கேட்டேன். “களத்துல இன்னாடா பண்ணப் போற?” என்றார். பெண்டாட்டிக்கு நடை பழக்கப் போகிறேன் என்றேன். அவர் ரொம்ப நேரம் சிரித்துவிட்டுச் சரி என்றார். நாலு முளை அடித்து, இரண்டு பக்கமும் மூங்கில் கட்டினேன். சாணி மெழுகிய தரையில் சுண்ணாம்பால் காலடி வரைந்தேன். இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் பன்னிரண்டு காலடி.

ஊரே வேடிக்கை பார்த்தது. அவள் கால் குறி தவறும்போதெல்லாம் நான் மண்டிபோட்டு, அந்தக் காலை இரண்டு கையாலும் பிடித்துச் சுண்ணாம்பின்மேல் வைப்பேன். “கல்யாணத்துல கூட இப்புடி கால் புடிச்சிருக்க மாட்டாரு!” என்று ஒருத்தன் கத்துவான். “எங்களுக்கும் தபால் வருதா பாருய்யா, காலையே புடிச்சினு கீற!” என்று இன்னொருத்தன். நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லுவேன். அவளால் அது முடியவில்லை. புருஷன் தன் காலைத் தொடுவது பாவம் என்று அவளுக்கு. தொட்ட ஒவ்வொரு தடவையும் குனிந்து என் காலைத் தொட்டுக் கும்பிடப் பார்த்தாள். ஒருநாள் அப்படிக் குனிந்தவள் தலைகுப்புற விழுந்து உதடு கிழிந்தது. அதற்கப்புறம் நின்றபடியே கையை மட்டும் எடுத்துக் கும்பிட்டுக்கொள்வாள். “நடக்கறதே கஷ்டம். இதுல கும்புடு வேறயா? அடுத்த காலை வைமே,” என்று திட்டுவேன்.

ஒன்று, இரண்டு என்று குழறிக் குழறி எண்ணுவாள். காலையில் வேலைக்குப் போகும் முன்னால் பன்னிரண்டு சுற்று, சாயங்காலம் வந்து பன்னிரண்டு. இருபதாம் நாள் வாக்கில் நன்றாக இளைத்துவிட்டாள். கெண்டைக்கால் குச்சியாகிப் போனது. சுற்று முடிவதற்குள் தொடை நடுங்கும். நோய் இறங்கும்போது உடம்பு மெலியும் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது. கால் மட்டும் சொன்னபடி கேட்க ஆரம்பித்திருந்தது. முப்பதாம் நாளுக்குமேல் ஒரு கையை மூங்கிலிலிருந்து எடுத்துவிட்டாள்.

நாற்பத்தெட்டாம் நாள், பங்குனி மாதம், இரண்டு கையையும் எடுத்துவிட்டுப் பன்னிரண்டு காலடியையும் நடந்தாள். பன்னிரண்டாவதில் திரும்ப முடியாமல் என்மேல் சாய்ந்தாள். சிரித்தவர்களே நெருங்கி வந்து பார்த்தார்கள். பூசாரி தேங்காய் உடைத்தார். கோழி அடித்து, உப்பும் புளியும் காரமுமாகக் குழம்பு வைத்தேன். மறுநாள் விடியற்காலையில் அவள் சொம்பை எடுத்துக்கொண்டு தனியாகப் புதர்ப் பக்கம் போய்விட்டு வந்தாள். வாசலில் நின்று, “பாத்தீங்களா?” என்றாள். எங்கள் கல்யாண வாழ்க்கையில் அவள் அவ்வளவு கர்வமாக நின்று நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

அன்று சாயங்காலம் அவள் கேட்டாள், “இன்னிக்கு எண்ணணுமா?”

“இன்னாத்துக்கு? அதான் முடிஞ்சிபோச்சே,” என்றேன்.

சொன்னது நான். இந்த வாயால்தான் சொன்னேன். மூங்கிலைப் பிடுங்கி மாட்டுக் கொட்டகைக் கூரைக்குப் போட்டேன். சுண்ணாம்புக் காலடிகள் சித்திரையில் பெய்த கோடை மழையில் போயின. ரெண்டு மாதம் ஆனதும் ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்ட வேண்டும் என்று நினைவு இருந்தது. நன்றாக நடப்பவளை எதற்கு ஜீப்பில் போட்டுக் குலுக்குவது என்று விட்டுவிட்டேன்.

வைகாசி வரைக்கும் நடந்தாள். ஆடியில் சுவரைப் பிடித்தாள். அதைப் பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை. காற்று காலம், எல்லாரையும்தான் தள்ளுகிறது என்று சொல்லிக்கொண்டேன். ஐப்பசி மழையில் சொம்போடு சரிவில் உருண்டு, புதரில் மாட்டிக்கொண்டு கிடந்தாள். எலும்பு முறியவில்லை. தூக்கி நிறுத்தினேன், நிற்கவில்லை. கையை விட்டால் மடங்கி உட்கார்ந்தாள். மழை விட்டதும் டோலி கட்டிப் புதூர்நாட்டுக்குத் தூக்கிப் போய், அங்கிருந்து ஜீப் பிடித்தோம்.

எக்சர்சைஸ் அம்மா அவளைக் கம்பிகளுக்கு நடுவில் நிறுத்திப் பார்த்தார். பிறகு தினமும் எத்தனை சுற்று என்று கேட்டார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். மண்டலம், பத்தியம், களம், கோழிக்குழம்பு. மணியார்டர் பட்டுவாடா செய்துவிட்டுக் கணக்கு ஒப்புவிக்கிறவனைப்போல் ஒன்று விடாமல் ஒப்பித்தேன். அவர் ஆயாவைக் கூப்பிட்டு அவளை எடை பார்க்க வெளியே அனுப்பிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“யாருங்க நிறுத்தச் சொன்னது?”

நான் தரையில் வரைந்திருந்த காலடிகளைப் பார்த்தேன்.

“பல்லு வெளக்கறீங்களே, மண்டலம் முடிஞ்சிபோச்சின்னு அத நிறுத்திடுவீங்களா? இது நோய வெரட்டற மருந்து இல்லீங்க. தெனமும் செஞ்சாத்தான் இருக்கறது நிக்கும். வுட்டா போய்டும். போனது திரும்பி வராது. சோத்தையும் கொறச்சிட்டு அந்தக் கால நடக்க வச்சிருக்கீங்க. அதுல இருந்த சதையும் போச்சி.” அவருக்குக் கோபம் அடங்கவில்லை, ஆனால் என் முகத்தைப் பார்த்ததும் குரல் இறங்கிவிட்டது. “வுடாம செஞ்சிருந்தா இன்னும் ரெண்டு மூணு வருஷம் அவங்க கால்லயே நடந்திருப்பாங்க.”

ரெண்டு மூன்று வருஷம். ஆயிரம் விடியற்காலை. சொம்பை எடுத்துக்கொண்டு, யார் தயவும் இல்லாமல் அவள் போயிருக்க வேண்டிய ஆயிரம் விடியற்காலையை நான் ஒரு கோழிக்குழம்போடு சாப்பிட்டு முடித்துவிட்டேன். பக்கத்து ஊர்களுக்கெல்லாம் கடுதாசி படித்துக் காட்டுகிறவன், அர்த்தம் சொல்கிறவன்.

எடை பார்த்துவிட்டு அவளைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். “இன்னா சொன்னாங்க?” என்றாள். “மறுபடியும் செய்யணுமாம்,” என்றேன். அதுவும் உண்மைதான். அதற்குமேல் சொல்லவில்லை.

மறுபடியும் செய்தோம். ஆனால் இப்போது நடை இல்லை. அந்த அம்மா எனக்குத்தான் சொல்லிக்கொடுத்தார். படுத்திருப்பவளின் முழங்காலை மடக்கி நீட்ட வேண்டும், பாதத்தை மேலே தள்ளிப் பிடிக்க வேண்டும், மூட்டு இறுகிப் போகாமல், முதுகு புண்ணாகாமல் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். ஐந்து வருஷம் செய்தேன், ஒருநாள் விடாமல். விடாமல் என்கிற சொல்லுக்கு அர்த்தம் கற்றுக்கொண்டேன், அது யாருக்கும் பயன்படாத காலத்தில்.

ஒதுங்குவதற்கு அவளை உப்பு மூட்டை தூக்கிக்கொண்டு சரிவில் இறங்குவேன். முதல் நாள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு என் முதுகில் அழுதாள். உட்கார வைத்துத் தோளைப் பிடித்துக்கொண்டால், “அந்தப் பக்கம் பாருங்க” என்பாள். பார்ப்பேன். ஐந்து வருஷமும் சொன்னாள். பேச்சு அடியோடு குழறி, ஊரில் யாருக்கும் அவள் சொல்வது புரியாமல் போன பிறகும், அந்தச் சொல் எனக்கு மட்டும் புரிந்தது. கைகளும் போயின. கஞ்சி புரையேற ஆரம்பித்தது. எனக்குச் சில நாள், இவளைத் தூக்கிக்கொண்டு பாறை விளிம்புக்குப் போய்விடலாமா என்றுகூடத் தோன்றியிருக்கிறது. மறைக்க ஒன்றுமில்லை, தோன்றியது. சாயங்காலம் ஆனால் மறுபடியும் முழங்காலை மடக்கி நீட்டுவேன்.

கடைசி வருஷம் மாசி மாதத்தில் ஒரு மதியம். அவள் குதிகால் என் உள்ளங்கையில் இருந்தது. அவள் ஏதோ சொன்னாள், புரியவில்லை. குனிந்தேன். மறுபடியும், ஒவ்வொரு சொல்லாக, மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னாள். சொல்லி முடிக்க அரை மணி நேரம் ஆகியிருக்கும். நான் சேர்த்து எழுதுகிறேன்.

“ஒண்ணு சொல்லணும். திட்டக்கூடாது. அப்போ பத்தியத்துல நீங்க தபாலுக்குப் போய்ட்டீங்க. பக்கத்து வூட்ல புளி ஒடச்சினு இருந்தாங்க. வாசன புடிச்சி நாக்கு கேக்கல. ஒரு பழம் வாங்கி உப்பு தொட்டுத் தின்னுட்டேன். மறுநாளும் தின்னேன். நீங்க எனக்கோசரம் உப்பில்லாம மலை ஏறி எறங்கினு இருந்தீங்க. நான் திருட்டுத்தனமா தின்னேன். அதான் எனக்குக் கால் போச்சி. உங்க பாடெல்லாம் நான்தான் வீணாக்கிட்டேன். மன்னிச்சிருங்க.”

இத்தனை வருஷமும் என் முதுகில் ஏறி இறங்கும்போதெல்லாம் இதைத்தான் சுமந்துகொண்டிருந்திருக்கிறாள். அவள் தின்ற புளியில் ஒன்றும் இல்லை, இன்னும் நாலு பழம் தின்றிருந்தால் கொஞ்சம் தெம்பாவது இருந்திருக்கும். நடை போனது நான் நிறுத்தியதால். இதைச் சொல்ல ஒரு நிமிஷம் போதும். வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் அவள் என்னைப் பார்க்கப் போகிற பார்வையை நினைத்தேன். என்னைத் தவிர அவள் பார்ப்பதற்கு வேறு யாரும் இல்லை.

“பரவால்ல, வுடுமே. நான் மன்னிச்சிட்டேன்,” என்றேன்.

அவள் முகம் தெளிந்தது. அன்று புரையேறாமல் கஞ்சி குடித்தாள். அதற்குப் பிறகு பதினோரு நாள் உயிரோடு இருந்தாள். பதினோரு நாளும் நல்ல நினைவோடுதான் இருந்தாள், நான் சொல்வதெல்லாம் அவளுக்குப் புரிந்தது. நான் சொல்லவில்லை.